வதனியின் காதுக்குத்து

ஸ்ரீரங்கத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே பால்காரியோடு எனக்குச் சண்டை வரப் பார்த்தது. காலையில் பால் ஊற்ற வந்தவள், "நேத்து சாயங்காலம் உங்க வீட்டம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டுப் போனேங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. என் மனைவியை ரொம்ப நேரம் ஏசிவிட்டு, அதை என்னிடமே வந்து சிரித்துச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! "ஏன் பேசினனீங்கள்?" என்று நான் கேட்ட தொனியில் அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். என் மனைவி பரமேஸ்வரி உள்ளேயிருந்து ஓடிவந்து, இங்கே பேசுவதென்றால் நம்முடைய கதைப்பதுதான் என்று எனக்கு விளக்கி, பால்காரியையும் சமாதானப்படுத்தி அனுப்பினாள். பரமேஸ்வரி வந்த பதினைந்தாம் நாளே இந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டவள். நான் பிடித்துக்கொள்ள மறுத்தவன். நல்ல தமிழ் நம்மிடம் இருக்க, வேறு தமிழ் எதற்கு என்கிற திமிர் எனக்கு.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், லண்டனிலும் மலாயாவிலும் போய் இருக்கிற நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டனுக்குப் போனவன் வாயைத் திறக்குமுன் ஒருமுறை யோசிப்பான். தான் சொன்னது விளங்கியதா என்று எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். தமிழ்நாட்டுக்கு வந்த நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. தாய்மொழி பேசுகிற ஊர்தானே என்று வந்து இறங்கியதுமே நிம்மதியாக மூச்சு விட்டுவிடுகிறோம். கொழும்பில் கலவரம் நடந்த பிறகு, திருச்சியில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர் வேலை கிடைத்து நாங்கள் வந்தபோது நானும் அப்படித்தான் மூச்சு விட்டேன். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில். சக ஆசிரியர்களோடு பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வீட்டுக்காரர், கடைக்காரர், பால்காரி எல்லாம் பரமேஸ்வரியின் இலாகா. ஆக, வந்து எட்டு மாதமாகியும் இந்த ஊர்த் தமிழில் ஒரு முழு உரையாடலை நான் நடத்தியதே இல்லை. அது எனக்குத் தெரியவும் இல்லை.

அந்த வருஷம் கார்த்திகை மாதம் பரமேஸ்வரி இரண்டாவது பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். திருச்சி ஜங்ஷனில் இருந்து தனுஷ்கோடி வரை ரயில், பிறகு கப்பல், பிறகு மறுபடியும் ரயில். வயிற்றுப் பிள்ளைக்காரி நாலு வயது மகளையும் இழுத்துக்கொண்டு எப்படிப் போவாள்? "வதனியை நான் பார்க்கிறேன், நீ போய் வா" என்று வீரமாகச் சொன்னவன் நான்தான். நாங்கள் குடியிருந்தது அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு ஐயங்கார் வீட்டின் பின்பகுதி. கல்லூரி நாட்களில் முன்பகுதியில் இருந்த வீட்டுக்காரி கோமளா மாமி வதனியைப் பார்த்துக்கொள்வாள். நாலு பிள்ளை பெற்று வளர்த்த மாமி வாயாடிதான், ஆனால் ஈர நெஞ்சுக்காரி. அவளை மாமி என்று கூப்பிடுவதே எனக்குக் கூச்சம். எங்கள் ஊரில் மாமி என்றால் ஒன்றில் அத்தை, இல்லாவிட்டால் மனைவியின் தாய்.

மார்கழி வந்தது. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். வைகுண்ட ஏகாதசிக்காக மாமி வீட்டில் உறவினர் கூட்டம் நிரம்பி வழிந்தது. தெருவெல்லாம் வெளியூர் ஜனங்கள். விடிகாலைப் பனியில் அவர்களை வேடிக்கை பார்த்து நின்று வதனிக்குத் தடிமன் பிடித்தது. அதாவது இங்கே சொல்கிற ஜலதோஷம். நாலு நாள் மூக்கு ஒழுகியது. ஐந்தாம் நாள் சனிக்கிழமை காலை எழும்பும்போதே வலது காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். உடம்பு சுட்டது. பால் குடிக்கச் சொன்னால் விழுங்கும்போது இன்னும் கத்தினாள்.

எங்கள் ஊராக இருந்தால் அம்மா வேலிக்கு மேலால் ஒரு சொல் சொல்லியிருப்பாள். "பிள்ளைக்குக் காதுக்குத்து" என்று. அந்த ஒரு சொல் போதும். பக்கத்து வளவிலிருந்து ஒருத்தி உள்ளிப்பூண்டும் எண்ணெயுமாக வருவாள், இன்னொருத்தி நாட்டு வைத்தியர் பரியாரியாருக்கு ஆள் அனுப்பிவிட்டு வருவாள், மூன்றாவது ஆள் அவர் வேண்டாம், ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் கொண்டுபோ என்று சண்டை பிடிப்பாள். பிள்ளையை வைத்தியரிடம் காட்டுவதா, ஒருநாள் பொறுப்பதா என்று தகப்பன் தனியாக இருந்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஊரே சேர்ந்து முடிவு செய்யும். நானும் அந்தப் பழக்கத்தில்தான் முன்பகுதிக்குப் போய் அதே சொல்லைச் சொன்னேன்.

"மாமி, பிள்ளைக்குக் காதுக்குத்து."

மாமி ஒரு தாம்பாளம் நிறையக் காய்கறியோடு நின்றாள். "காது குத்தா? இப்பவா? அவ அம்மா ஊர்ல இல்லாத நேரத்துலயா?"

நோய் தாயைக் கேட்டுக்கொண்டா வரும் என்று நினைத்துக்கொண்டேன். "சரியான வருத்தம், மாமி."

"வருத்தமாத்தான் இருக்கும். பெத்தவ பக்கத்துல இல்லேன்னா யாருக்குத்தான் இருக்காது? அவதான் வரட்டுமே. என்ன அவசரம்?"

"பிள்ளை தாங்கமாட்டாள்."

"நன்னாத் தாங்குவா. என் நாலும் தாங்கலையா? ஒரு நாழி அழும், அப்புறம் விளையாடப் போயிடும். துளையில தேங்காயெண்ணெய் இளஞ்சூடா ரெண்டு சொட்டு விட்டுண்டே வந்தா மூணாம் நாள் ஆறிப்போயிடும். இல்லே, அவசரந்தான்னா, தெற்கு வாசல்ல நம்ம ஆசாரி இருக்கார். கைராசிக்காரர். இந்த ஊர்ல பாதிக் குழந்தைகளுக்கு அவர்தான் பார்த்தது." உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, "பெருமாள் அனுக்ரஹத்துல எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

இதைப் படிக்கிற திருச்சிக்காரர் இந்நேரம் சிரித்திருப்பார். யாழ்ப்பாணத்தார் மாமியை ஒரு கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். இங்கே அது மனக்கவலை. சடங்கை நாங்கள் காது குத்துகிறது என்போம். காதுக்குத்து என்றால் நோவு மட்டுந்தான். நடுவில் ஒரே ஒரு ககர ஒற்று. அந்த ஒற்று காதில் விழவேண்டுமானால் கேட்கிறவரும் நம்மூர்க்காரராக இருக்க வேண்டும். வதனிக்கு அதுவரை காது குத்தவில்லை என்பதும், நாலு வயதுப் பெண் காது மூளியாக இருக்கிறாளே என்று மாமி பல மாதமாகப் பரமேஸ்வரியை நச்சரித்துவந்தாள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அது அவள் இலாகா. மாமி பேச்சில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: காது நோவுக்கு இந்த ஊரில் அவசரப்படுவதில்லை, எண்ணெய் விட வேண்டும், மூன்று நாள் பொறுக்க வேண்டும், பொறுக்க முடியாவிட்டால் தெற்கு வாசலில் ஆச்சாரி என்று ஒரு வைத்தியர் இருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் இரண்டு பேரில் ஒருவர் பெயர் ஆச்சாரி என்று முடிகிற காலம் அது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாலு பிள்ளை வளர்த்தவள் சொல்கிறாள் என்று கரண்டியில் எண்ணெயைச் சூடாக்கிக் காதுக்குள்ளே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. மடியில் வைத்தால் கீழே விடு என்பாள், கீழே விட்டால் தூக்கு என்பாள். காதைத் தொட விடமாட்டாள். பதினோரு மணிவரை பார்த்தேன். மாமி மூன்று நாள் என்றாள், இது இரண்டாம் நாள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இந்த ஜனக்கூட்டத்தில் காய்ச்சல்காரப் பிள்ளையோடு போக வேண்டும். போய், அங்கே இருப்பவர் இதற்காகவா வந்தீர் என்று கேட்டால்? மனைவி இல்லாத இரண்டு மாதம் ஒரு பிள்ளையைச் சமாளிக்கத் தெரியாதவன் என்று சொன்னால்? வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், என் மனத்தராசில் அதுவும் கிடந்தது. கடைசியில் வருவது வரட்டும் என்று சட்டையைப் போட்டேன். சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தால் வதனி தூங்கிப்போயிருந்தாள். தலையணையில் காதுப் பக்கம் மஞ்சளாக ஈரம். விட்ட எண்ணெய் வெளியே வருகிறது என்று துடைத்துவிட்டேன். மூன்று மணிக்கு எழும்பினாள். "இப்ப நோகேல்லை அப்பா" என்றாள். இரண்டு வாய் சோறும் தின்றாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நோவு நின்றால் நோயும் நின்றதுதானே? போட்ட சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். பரமேஸ்வரிக்கு, பிள்ளைக்குச் சின்னக் காதுக்குத்து வந்து சுகம் வந்துவிட்டது, யோசிக்காதே என்று கடிதமும் எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதிய கையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஏகாதசி. மாமி வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். வதனி எழும்பவில்லை. காய்ச்சல் முந்தைய நாட்களைவிட அதிகம். நோகிறதா என்று கேட்டால் பதில் இல்லை. அழவும் இல்லை. அழாமல் கிடந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். இனிப் பொறுக்க முடியாது, முதலில் கிட்டத்தில் இருக்கும் அந்த வைத்தியரிடம் ஓடுவோம் என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெற்கு வாசல் கடைத்தெருவில் ஜனங்களுக்குள் நீந்தித்தான் போகவேண்டியிருந்தது. மூன்று பேரிடம் காது பார்க்கிற ஆச்சாரி எங்கே என்று கேட்டு, காட்டிய இடத்துக்குப் போனால் அது ஒரு சிறிய நகைப் பட்டறை.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உமி அடுப்புக்கு முன்னால் ஊதுகுழலோடு இருந்தார். "ஆச்சாரியார் எங்கே?" என்றேன். "நான்தாங்க. உக்காருங்க. பாப்பாவுக்குக் காது குத்தா?" என்றார். எனக்கு ஒரு கணம் கால் தயங்கியது. ஆனால் எங்கள் ஊரில் கொல்லுலைக்காரர் ஒருவர் எலும்பு முறிவுக்குப் பத்துப் போடுவார். அப்படி இவருக்கும் ஒரு கை மருந்து தெரிந்திருக்கும் என்று மனத்தைச் சமாளித்துக்கொண்டு, "ஓம், காதுக்குத்துத்தான்" என்றேன்.

"மடியில வெச்சுக்கங்க. தலை ஆடாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க" என்றார்.

பிடித்தேன். இரண்டு கையாலும், என் பலமெல்லாம் கொடுத்து, என் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு கையில் ஊசியை எடுத்துக்கொண்டு, மற்றக் கையால் வலது காதின் சோணையை மெல்லத் தொட்டார். அதுவரை கண் திறக்காத வதனி போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளுடைய தலைமயிரை ஒதுக்கிக் காதின் பின்புறத்தைப் பார்த்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

"என்ன சார் இது? குழந்தை உடம்பு நெருப்பாக் கொதிக்குது. காதுக்குப் பின்னாடி பாருங்க, கொழுக்கட்டையாட்டம் வீங்கி, காதே முன்னால தள்ளிக்கிட்டு நிக்குது. அந்தக் காதையும் இந்தக் காதையும் பாருங்க! இந்த நிலைமையில காது குத்தணும்னு தூக்கிட்டு வந்திருக்கீங்களே, நீங்கல்லாம் படிச்சவங்கதானா?"

"காது குத்தவோ? ஆர் காது குத்தச் சொன்னது? காதுக்குள்ளே குத்துகிறது, நோகிறது. மூன்று நாளாக. அதற்குத்தான் அம்மா மண்டபம் ரோட்டுக் கோமளா மாமி உங்களிடம் காட்டச் சொன்னார்."

அவர் முகத்தில் கோபம் போய் ஏதோ பயம் வந்தது. "அய்யோ சார். காது வலின்னு சொல்லணும்ங்க! நான் தங்கம் தட்டுறவன். எனக்கு என்ன தெரியும்? ஆனா நூத்துக்கணக்கான காது பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. இங்க நிக்காதீங்க. டவுன்ல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே போங்க" என்று சொல்லிக்கொண்டே பட்டறையைத் திறந்தபடி போட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கி என்னை வண்டி நிற்கும் இடம்வரை கொண்டுவந்து ஒரு ஜட்காவில் ஏற்றிவிட்டார். இரண்டு நாளாக ஒரு வீட்டில் பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அவள் காதின் பின்புறத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அழுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜட்காவில் ஏறியதும், "கெதியாப் போங்கோ, கெதியா!" என்று கத்தினேன். வண்டிக்காரர் திரும்பி, "கெதியாவா? அது எந்தப் பக்கம் சார்? பாலத்துக்கு அந்தாண்டயா?" என்று நிதானமாகக் கேட்டார். கெதி என்றால் வேகம், அது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த தமிழ் என்று விளக்கவா முடியும்? எனக்குத் தெரிந்த இந்த ஊர்ச் சொற்களை எல்லாம் மண்டைக்குள் துழாவினேன். "சீக்கிரம்! ஆஸ்பத்திரிக்கு! சீக்கிரம்!" என்றேன். அவர் காவேரிப் பாலத்தில் எதிரே வந்த கூட்டத்தை அதட்டிக்கொண்டே குதிரையை விரட்டினார். பாலத்தின் பாதியில் வதனி வாந்தி எடுத்தாள். அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருமுறை கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்த்து, "அப்பா, கப்பலோ?" என்று கேட்டாள். அம்மாவிடம் போகிறோம் என்று நினைத்துவிட்டாள். ஓம் என்று பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்ததும் எனக்குத் தமிழே வரவில்லை. பயத்தில் அல்ல, அந்த மொழியின்மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று நாளில் முதன்முறையாக ஒருவர் நான் சொன்னதைச் சொன்னபடி புரிந்துகொண்டார். தமிழ்நாட்டில், தமிழ் டாக்டரிடம், தமிழ்ப் பிள்ளையின் காது நோவைச் சொல்ல எனக்கு வெள்ளைக்காரன் மொழி வேண்டியிருந்தது. அதை நினைத்து அழுவதற்குக்கூட அப்போது நேரமில்லை.

"நேற்று நின்றுவிட்டது டாக்டர், நன்றாகத்தான் இருந்தாள்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். உள்ளே சீழ் கட்டிக் காது ஜவ்வு கிழிந்தால் அழுத்தம் குறைந்து வலி நிற்கும், தலையணையில் இருந்தது எண்ணெய் அல்ல, சீழ் என்றார். அநேகமான காது வலி தானாக ஆறிவிடும், அதனால்தான் தகப்பன்மார் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் வலி இரண்டு நாளைத் தாண்டினாலும், காதிலிருந்து ஏதாவது ஒழுகினாலும், காய்ச்சல் இறங்காவிட்டாலும் காட்டியே ஆகவேண்டும். பின்னால் வீங்கினாலோ, குழந்தை துவண்டு போனாலோ ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக்கூடாது. காதுக்குள் ஒன்றும் ஊற்றவும் கூடாது என்றார். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பின்னால் எலும்புவரை பரவிவிட்டது என்று சொல்லி, பெனிசிலின் ஊசி போட்டு, அன்று மாலையே காதுக்குப் பின்னால் கீறிச் சீழை எடுத்தார்கள். கதவுக்கு வெளியே நான் நின்ற அந்த நேரத்தில் எந்தச் சாமியை எந்தத் தமிழில் கும்பிட்டேன் என்று தெரியாது.

மறுநாள் கோமளா மாமி கூஜாவில் வெந்நீரும் வேட்டி கிழித்த துணியுமாக வந்து சேர்ந்தாள். ஆசாரி போய் விஷயத்தைச் சொல்லியிருந்தார். கட்டுப் போட்டுக் கிடந்த பிள்ளையைக் கண்டதும் மாமி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "நான் மகாபாவி. எண்ணெய் விடுங்கோன்னு என் வாயாலயே சொன்னேனே. ஒரு வார்த்தை, குழந்தைக்கு என்னன்னு ஒரு வார்த்தை, திருப்பிக் கேட்டிருக்கப்படாதா?" சனிக்கிழமையிலிருந்து அவள்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் என்னை நோக்கித் திரும்பியது. திருப்பிக் கேட்காதவன் நானும்தானே. தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு, பின்பகுதிக்கு வந்து பாருங்கள் என்று ஏன் கூப்பிடவில்லை? பன்னிரண்டு அடி தூரந்தான்.

வதனிக்கு இப்போது எட்டு வயது. வலது காதுக்குப் பின்னால் பிறை போல் ஒரு தழும்பு. அந்தக் காது கொஞ்சம் மந்தம். பள்ளியில் வலப்பக்கச் சுவரோரமாக, முன் பெஞ்சில் இருத்தும்படி வருஷத்துக்கு வருஷம் டீச்சரிடம் சொல்கிறேன். உயிர் இருக்கிறதே, அது போதும் என்று பரமேஸ்வரி சொல்வாள். அவள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுவும் எனக்குத் தாங்கமுடியாததுதான்.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அன்று காலை நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இனி இந்த ஊர்ச் சொல்லைத் தவிர வேறு சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று ஐந்து நாளாக உறுதி எடுத்து வைத்திருந்தேன். பஞ்சைப் பிரித்ததும் வதனியின் முகம் கோணியது. குனிந்து அவள் கையைப் பிடித்து, என் வாழ்க்கையில் முதன்முறையாக, "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள் இரண்டு கையையும் ஒளித்துக்கொண்டு, "ஏனப்பா டாக்டர் மாதிரிக் கதைக்கிறீங்கள்? ஊசி போடப் போறீங்களோ?" என்று அழத் தொடங்கினாள். அந்தச் சொல்லைக் கேட்ட ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஊசி விழுந்திருக்கிறது. "இல்லையம்மா, இல்லை. நோகுதோ பிள்ளை?" என்றேன். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்து என் விரலைத் தேடிப் பிடித்தது. "ஓமப்பா, சரியா நோகுது. மெல்லமாச் செய்யச் சொல்லுங்கோ" என்று முணுமுணுத்தாள்.

நர்ஸ் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தாள். "பாப்பா என்னங்க சொல்லுது?" என்று என்னைக் கேட்டாள்.

"வலிக்குதாம்" என்றேன்.